அங்கி, சங்கிலி, நாற்காலி: நெல்லைப் பயணக் குறிப்புகள்

திங்கள்: பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

வெளியூர்க்காரர்களுக்குத் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் ஒரே ஊர்தான். உள்ளூரில் அப்படிச் சொன்னால் உடனே திருத்துவார்கள். டவுன் வேறு, ஜங்ஷன் வேறு, பாளை வேறு, மேலப்பாளையம் வேறு, தச்சநல்லூர் வேறு. "எந்தத் திருநெல்வேலிக்குப் போணும் அண்ணாச்சி?" என்று ஆட்டோக்காரர் கேட்டது கிண்டல் இல்லை, நியாயமான கேள்வி. 1866-ல் வெள்ளைக்காரன் நகராட்சி வைத்தபோதும் நெல்லைக்கு ஒன்று, பாளைக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் வைத்தான். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மேயர் வந்து உட்கார 1996 ஆகிவிட்டது.

நான் உள்ளாட்சித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோயில் குளம் பார்க்க ஊர் ஊராகப் போகிறவர்கள் உண்டு. நான் நகராட்சி ஆபீஸ் பார்க்கப் போகிறவன். வீட்டில் இதற்குக் கிறுக்கு என்று பேர். திருச்சிக்கும் நெல்லைக்கும் மாநகராட்சி அந்தஸ்து கிடைத்தது ஒரே வருஷம், 1994-ல். அதனால் திருச்சிக்காரனான எனக்கு இந்த ஊர் மேல் ஒரு பங்காளிப் பாசம். மச்சினர் வீடு பாளை பெருமாள்புரத்தில் இருப்பது கூடுதல் வசதி.

காலையில் சுலோசன முதலியார் பாலத்தில் நடந்தோம். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் ஒரு கரை, ஜங்ஷன் மறு கரை, நடுவில் தாமிரபரணி. 1843-ல் திறந்த பாலம், 11 வளைவுகள். சுலோசன முதலியார் கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தவர். ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காத்துக் கிடந்த ஜனங்களைப் பார்த்துவிட்டுச் சுமார் 50,000 ரூபாய் கைக்காசைப் போட்டுக் கட்டினார். 1869 வெள்ளம் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போக, 1871-ல் மறுபடி கட்டினார்கள். டெண்டர் இல்லை, திருத்திய மதிப்பீடு இல்லை, தணிக்கைத் தடை இல்லை. என்னை மாதிரி ஆள் ஒருவன் அன்றைக்கு இருந்திருந்தால் பாலம் எழும்பியிருக்காது.

பாலம் இரண்டு கரையையும் சேர்த்து வைத்த பிறகும் இரண்டு ஊரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வர 151 வருஷம் பிடித்தது. மச்சினரிடம் சொன்னேன். "இப்பவும் எங்க சேந்துச்சு? பாளைக்காரன்ட்ட போயி நீ டவுன்காரனான்னு கேட்டுப் பாருங்க அத்தான்" என்றார்.

அப்புறம் டவுன். நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் சுற்றும்போது எனக்கு நினைவு வந்தது நெல்லையப்பர் அல்ல, 1908 மார்ச் 13. அதற்கு முந்தின நாள் வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்து உள்ளே வைத்தார்கள். விடிந்ததும் ஊர் திரண்டது. கடைகள் அடைத்தாயிற்று, மாணவர்கள் தெருவுக்கு வந்தாயிற்று. கோர்ட்டு, போலீஸ் ஸ்டேஷன், தபால் ஆபீஸ் எல்லாம் அடி வாங்கின. நகராட்சி ஆபீஸ் முழுசாக எரிந்து போனது. தெருவிளக்குக்கு வைத்திருந்த நகராட்சி மண்ணெண்ணெயும் சேர்ந்து எரிந்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். பின்னால் ஊரில் தண்டப் போலீஸ் படையைக் கொண்டு வந்து இறக்கி, அதற்கான செலவையும் ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகப் போட்டார்கள்.

கைது செய்ய வைத்த கலெக்டர் மேல் இருந்த கோபத்தில் நகராட்சி ஆபீஸை ஏன் கொளுத்த வேண்டும்? இன்றைக்கு யோசித்தால் புரியாது. 1866-ல் நகராட்சி வந்தபோது உறுப்பினர்கள் எல்லாரும் நியமனம்; தலைவர் கலெக்டரேதான். 1884 சட்டம் வந்த பிறகு உறுப்பினர்களில் பலர் தேர்தலில் வரலாம் என்றானது. ஆனால் ஓட்டு, வரி கட்டும் சொத்துக்காரர்களுக்கு மட்டும். ரத வீதியில் கடை வைத்திருந்தவருக்கு ஓட்டு இருந்திருக்கலாம். அந்தக் கடையில் மூட்டை தூக்கியவருக்குக் கிடையாது. மூட்டை தூக்கியவர் கண்ணுக்கு நகராட்சியும் தாலுகா கச்சேரியும் ஒன்றுதான். இரண்டும் வரி கேட்கும், இரண்டும் அவரைக் கேட்காது.

சாயங்காலம் அல்வாக்கடை வரிசையில் நின்றோம். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

செவ்வாய்: மேலப்பாளையம் சந்தை

செவ்வாய்க்கிழமை மேலப்பாளையத்தில் கால்நடைச் சந்தை. விடிகாலையிலேயே ஆடுகளை வேனில் மூன்றடுக்காக அடுக்கிக் கொண்டு வந்து இறக்குகிறார்கள். தரகர்களில் வயசானவர்கள் சிலர் இன்னும் துண்டு போட்டுத்தான் விலை பேசுகிறார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கிறது. உள்ளே விரல்கள் மட்டும் பேசும். வெளியே இரண்டு பேர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. ஒருவர் எங்கேயோ மாட்டைப் பார்க்கிறார், இன்னொருவர் வெற்றிலையை மெல்லுகிறார். சட்டென்று துண்டை உதறித் தோளில் போட்டால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். பக்கத்திலேயே நின்ற எனக்குக் கடைசி வரை விலை தெரியவில்லை.

மேலப்பாளையம் நெசவாளர்கள் ஊர், முஸ்லிம்கள் பெரும்பான்மை, தனி நகராட்சியாக இருந்தது. 1994 ஜூன் 1-ல் நெல்லை, பாளை, மேலப்பாளையம் மூன்றையும் தச்சநல்லூரையும் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி என்று அறிவித்தார்கள். 55 வார்டுகள், நான்கு மண்டலங்கள்: நெல்லை, பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூர். அதாவது பழைய ஊர்களின் பெயர்களையே மண்டலத்துக்கு வைத்தார்கள். புத்திசாலித்தனமான வேலை. யாருக்கும் தன் ஊர் காணாமல் போன மாதிரி இருக்காது. பல ஊர் இணைப்புகளின் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இணைப்பின்போது எல்லா ஊரிலும் எழும் புகார் ஒன்றே ஒன்றுதான்: வரி மாநகராட்சி வரி, சாக்கடை மட்டும் பஞ்சாயத்துச் சாக்கடை.

மாநகராட்சி பிறந்தது 1994-ல், மேயர் வந்தது 1996 அக்டோபரில். நடுவில் அதிகாரி ஆட்சி. அதற்கு முன் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1986-ல். பத்து வருஷம் கழித்து 1996-ல் நடந்த தேர்தலில்தான் மேயருக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். கவுன்சிலருக்கு ஒரு ஓட்டு, மேயருக்குத் தனியாக ஒரு ஓட்டு. சென்னையில் மு.க. ஸ்டாலின் மேயரானது அந்தத் தேர்தலில்தான். நெல்லையில் தி.மு.க.வின் உமா மகேஸ்வரி முதல் மேயர்.

மதியம் வெயில். திரும்பிவிட்டோம். மச்சினர் வீட்டில் சொதிக்குழம்பு, இஞ்சிப் பச்சடி. அதற்கு மேல் ஆராய்ச்சி ஓடவில்லை.

புதன்: மேயர்கள்

எஸ்.என். ஹைரோட்டில் மாநகராட்சி மைய அலுவலகம். உள்ளே ஒரு வேலையும் இல்லாமல் அலுவலகத்துக்குப் போவது ஒரு தனி சுகம். பிறப்புச் சான்று கவுண்டரில் ஒரு இளைஞர் குழந்தையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் தோளில் தூங்கியது. வரி வசூல் கவுண்டரில் இருவர். முன்னால் நாலைந்து வெள்ளைச் சட்டைகள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். யார் கவுன்சிலர், யார் கவுன்சிலருடைய ஆள் என்று வெளியூர்க்காரனால் சொல்ல முடியாது.

இதுவரை ஏழு மேயர்கள். உமா மகேஸ்வரி 1996-ல், அ.தி.மு.க.வின் ஜெயராணி 2001-ல், இருவருமே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர்கள். 2006-ல் ஆட்சி மாறியதும் சட்டமும் மாறியது. மேயரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்றார்கள். அப்படி வந்தவர் தி.மு.க.வின் ஏ.எல். சுப்பிரமணியன், ஏற்கெனவே நெல்லைத் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்தவர். 2011-ல் ஆட்சி மாறியது, மறுபடி நேரடித் தேர்தல், அ.தி.மு.க.வின் விஜிலா சத்தியானந்த் வென்றார். 2016-ல் மறுபடி மறைமுகம். 2018-ல் திரும்ப நேரடி. 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறைமுகம். இந்த மூன்று மாற்றத்தையும் செய்தது ஒரே கட்சியின் ஆட்சி, அதுவும் நடுவில் ஒரு தேர்தல்கூட நடத்தாமல்! தணிக்கையில் ஒரு பில்லை இத்தனை தடவை திருத்திக் கொண்டு வந்தால் வந்தவரை உட்கார வைத்துப் பேசியிருப்போம்.

நேரடித் தேர்தல் நல்லதா, மறைமுகத் தேர்தல் நல்லதா என்று கேட்டால், எனக்கு நேரடிதான் பிடிக்கும். ஊர் முழுக்க ஓட்டுக் கேட்டு வந்தவருக்கு ஊர் முழுக்கப் பதில் சொல்லும் கடமை இருக்கும்; வார்டில் ஜெயித்து மேயரானவர் மனசில் அந்த வார்டுதான் முதலில் வரும். எதிர்வாதமும் உண்டு. ஒரு கட்சிக்காரர் மேயர், மன்றத்தில் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்று ஆகிவிட்டால் ஒரு தீர்மானமும் நகராது. போதாததற்கு, மாநகராட்சியில் நிர்வாக அதிகாரம் ஆணையருடையது. மேயர் கூட்டத்தை நடத்துகிறார், மன்றம் முடிவெடுக்கிறது, செயல்படுத்துவது ஆணையர். அங்கியும் தங்கச் சங்கிலியும் மேயருக்கு, கையெழுத்து ஆணையருக்கு. மன்றத்தின் துணை இல்லாத மேயர் என்ன செய்ய முடியும்?

ஆனால் நேரடித் தேர்தலில் வந்தவரின் பதவிக் காலமே நெல்லையில் எப்படி முடிந்தது என்று பாருங்கள். 2014-ல் விஜிலா சத்தியானந்தை அவர் கட்சி மாநிலங்களவைக்கு அனுப்பியது. மேயர் பதவியை விட்டார். செப்டம்பரில் இடைத்தேர்தல். எதிர்த்து மனுப் போட்டிருந்த பா.ஜ.க. வேட்பாளர் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அ.தி.மு.க.வின் புவனேஸ்வரி போட்டியே இல்லாமல் மேயர். நேரடித் தேர்தல் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில், நாலே முக்கால் லட்சம் ஜனத்தொகை உள்ள ஊரில், ஒரு ஓட்டுக்கூடப் பதிவாகாமல் ஒரு மேயர். சட்டம் எந்தக் கதவைத் திறந்து வைத்தாலும் கட்சிக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது.

ஏழில் நான்கு பேர் பெண்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மேயர் நாற்காலியில் அதிக காலம் உட்கார்ந்தது அவர்கள்தான்.

உமா மகேஸ்வரியைப் பற்றிப் பேச்சு வந்ததும் மச்சினர் குரல் இறங்கிவிட்டது. 2019 ஜூலை 23 அன்று அவரையும் கணவரையும் வீட்டில் வேலை செய்த பெண்ணையும் வீட்டுக்குள்ளேயே கொன்று போட்டார்கள். "அந்த ரோட்டுல அன்னைக்கி நின்ன கூட்டம் இருக்கே…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

2016 அக்டோபரில் தேர்தல் நடந்திருக்க வேண்டும். அறிவிப்பு வந்து, மனுத்தாக்கலும் முடிந்த நிலையில், இட ஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அதன் பிறகு 2022 மார்ச் வரை மாநகராட்சிக்கு மேயரும் கிடையாது, கவுன்சிலரும் கிடையாது, தனி அலுவலர்தான். சீர்மிகு நகரம் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தில் நெல்லை சேர்ந்தது 2017-ல். ஜங்ஷன் பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டும் வேலையெல்லாம் அந்த இடைவெளியில் ஆரம்பித்தது. ஊரின் பெரிய பஸ் ஸ்டாண்டை எப்படிக் கட்டலாம், அதுவரை பஸ்களை எங்கே நிறுத்தலாம் என்று தெருவில் உள்ளவன் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை.

கணக்குப் போடும் புத்தி விடாது. முதலில் இரண்டே கால் வருஷம் சொச்சம், பின்னால் ஐந்து வருஷம் சொச்சம். மாநகராட்சியின் முதல் 30 வருஷத்தில் மேயரே இல்லாத காலம் ஏழரை. அதற்குக் கொஞ்சம் மேலேயே வரும். சனி பகவானைக் குறை சொல்ல முடியாது.

வியாழன்: மானூர்

இன்றைக்குச் சங்கரன்கோவில் பஸ். நெல்லையில் இருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் மானூர். பெரிய குளம், கரையில் பனை, வயலில் இரண்டு கொக்கு, ரோட்டோரம் டீக்கடை. மச்சினர் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "அங்க என்ன இருக்குன்னு போறீய?" என்று கேட்டார். இருப்பது ஒரு கல்வெட்டு. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிக்கூடப் பாடத்தில் படிக்காத ஆள் கிடையாது. மானூர்க் கல்வெட்டைப் படித்தவர்கள் குறைவு. இது அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. பாண்டியன் மாறஞ்சடையன் காலம், சுமார் கி.பி. 800. எழுத்து வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம்.

அம்பலவாணர் கோயில் நடை திறந்திருந்தது. எழுத்தின் வரிகளை விரலால் தொடாமல் கண்ணாலேயே தடவிப் பார்த்தேன். வளைந்து வளைந்து போகிறது. ஒரு எழுத்தும் எனக்குப் பிடிபடவில்லை. விஷயம் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தேன். ஊரார் கூடி மகாசபைக்கு விதி எழுதுகிறார்கள். சபையில் உட்கார ஊரில் நிலப்பங்கு வேண்டும். வேதத்தில் மந்திர பிராமணமும் (மந்திரங்களும் அவற்றின் விளக்கமும்) ஒரு தருமநூலும் முழுசாகப் படித்திருக்க வேண்டும், ஒழுக்கமும் வேண்டும். அரைகுறைப் படிப்புக்கு இனி இடமில்லை. அதற்குப் பின் வருவதுதான் எனக்குப் பிடித்த விதி. சபையில் எந்தக் காரியம் வந்தாலும் அது ஆகாது, இது ஆகாது என்று மறித்துக்கொண்டே இருப்பவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து நிற்பவர்களுக்கும் காரியம் ஒன்றுக்கு 5 காசு தண்டம்.

இதை ஆதி ஜனநாயகம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு தூரம் போக மனசில்லை. அது பிராமண நிலக்காரர்களின் சபை. உழுதவர்களுக்கு அங்கே வேலையில்லை, பெண்களுக்கு இல்லை. 2011-ல் சங்கரன்கோவில் தனித் தொகுதியில் நின்ற உமா மகேஸ்வரி மாதிரி ஒருவரை அந்தச் சபை வாசற்படி ஏற விட்டிருக்காது. ஆனாலும் கூட்டம் நடத்தத் தெரிந்தவர்கள் எழுதிய விதி என்பதில் சந்தேகமில்லை. மன்றக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தவனுக்கு அந்த 5 காசின் அருமை தெரியும்.

டீக்கடையில் ஒரு பெரியவர். எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். "அஞ்சு காசுதானா? நம்ம மாநகராட்சியில போட்டிருந்தா இந்நேரம் கஜானா நெறஞ்சிருக்குமே!" என்றார். கடைக்காரர் சிரித்ததில் டீ சிந்தியது.

பெரியவர் சொன்னது 2024 விவகாரத்தை. 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல். நெல்லையில் 55 வார்டில் தி.மு.க. தனியாக 44, அ.தி.மு.க. 4. மார்ச் 4-ல் பி.எம். சரவணன் போட்டியின்றி மேயரானார். எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ள ஆளே இல்லாத மன்றம். சண்டை வராது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தது, சொந்தக் கட்சிக்குள்ளேயே. கூட்டத்துக்குக் கூட்டம் மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் வாக்குவாதம். கடைசியில் 38 கவுன்சிலர்கள் கையெழுத்துப் போட்டு நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்தார்கள். 2024 ஜனவரி 12-ல் வாக்கெடுப்பு என்று நாள் குறித்தார்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் வந்த பெருவெள்ளம் வடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அன்றைக்குக் கூட்ட அரங்கில் ஆணையர் காத்திருந்தார். அதிகாரிகள் காத்திருந்தார்கள். வெளியே போலீஸ், பத்திரிகைக்காரர்கள். ஒரு கவுன்சிலர்கூட வரவில்லை. கையெழுத்துப் போட்ட 38 பேரில் ஒருவரும் இல்லை. தீர்மானம் தோற்றுப் போனது என்று அறிவித்துவிட்டு எழுந்தார்கள்.

மானூரில் மறுத்துக்கொண்டே இருந்தவனுக்குத் தண்டம் போட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வாக்கெடுப்பு அன்று வராமல் இருப்பவனுக்கு என்ன தண்டம் என்று அவர்கள் விதி எழுதவில்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று தோன்றியிருக்காது.

கதை அதோடு முடியவில்லை. ஜூலை 3-ல் சரவணன் தானாகவே ராஜினாமா கொடுத்தார். அதே நாளில் கோவை மேயரும். தீர்மானத்தால் ஆகாதது எப்படி ஆயிற்று என்பது மேலவர்களுக்கே வெளிச்சம். ஆகஸ்ட் 5-ல் புதிய மேயருக்குத் தேர்தல். கட்சி அறிவித்த வேட்பாளர் ராமகிருஷ்ணன், ஊரில் கிட்டு என்றால் தெரியும், வார்டுக்குள் சைக்கிளில் போய்வருகிற மனுஷன். ஏகமனதாக முடிந்துவிடும் என்று நினைத்தபோது அதே கட்சியின் பவுல்ராஜ் எதிர்த்து மனுப் போட்டார். ரகசிய வாக்கெடுப்பு. ராமகிருஷ்ணனுக்கு 30, பவுல்ராஜுக்கு 23, செல்லாதது ஒன்று.

அந்த 23-ஐத்தான் பஸ் வரும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் கையைத் தூக்கிக் காட்ட ஒருவரும் வரவில்லை. ஆகஸ்டில் சீட்டு மடித்துப் பெட்டியில் போடுகிற ஏற்பாடு, 23 பேர் வந்தார்கள். மேலப்பாளையம் சந்தையில் பார்த்த துண்டுதான். துண்டு மூடியிருந்தால் விரல் பேசும். இதில் கவுன்சிலர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அடுத்த தடவை சீட்டு கொடுக்கிறவர்கள் நெல்லையில் இல்லை, சென்னையில் இருக்கிறார்கள். ஆனால் அந்த 23, அந்த மன்றத்தின் பதிவேட்டில் என் கண்ணுக்குத் தெரிந்த ஒரே உயிருள்ள எண்.

வெள்ளி: தூத்துக்குடி

1986-ல் தனி மாவட்டமாகப் பிரிந்து போனாலும் தூத்துக்குடி நெல்லைச் சீமைதான். 2008-ல் மாநகராட்சி ஆனது. முதல் மேயர் கஸ்தூரி தங்கம். 2011-ல் நேரடித் தேர்தலில் வென்ற சசிகலா புஷ்பாவும் 2014-ல் மாநிலங்களவைக்குப் போனார். நெல்லை, தூத்துக்குடி இரண்டு மேயரும் ஒரே சமயத்தில் டெல்லிக்கு ரயில் ஏறியது விசித்திரம்தான். வித்தியாசம், தூத்துக்குடியில் இடைத்தேர்தலில் ஜனங்கள் உண்மையிலேயே ஓட்டுப் போட்டார்கள். அந்தோணி கிரேஸ் வென்றார்.

நான் இங்கே வந்தது மேயர்களுக்காக இல்லை. மேயர் பட்டமே இல்லாத காலத்தில் நகராட்சித் தலைவராக இருந்த குரூஸ் பர்னாந்து சிலையைப் பார்க்க. 1869-ல் பிறந்தவர், ஐந்து தடவை தலைவர். உப்பும் துறைமுகமும் உள்ள ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. தாமிரபரணித் தண்ணீரை வல்லநாட்டில் இருந்து குழாய் போட்டு ஊருக்குக் கொண்டு வந்தது இவர் காலத்துத் திட்டம். வரி கட்டுகிற சிலர் மட்டும் ஓட்டுப் போட்டு வந்த தலைவர்தான். திங்கட்கிழமை எழுதிய குறுகிய ஓட்டுரிமைக்குள் இருந்து வந்தவர்தான். என் நேரடித் தேர்தல் வாதத்துக்கு இவர் கொஞ்சம் இடைஞ்சல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிலைக்கு யாரோ புது மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் பூ விற்ற அம்மாவிடம் இப்போதைய மேயர் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். சிலையில் இருப்பவர் யார் என்றேன். "தண்ணி கொண்டாந்தவரு" என்றார்.

மக்ரூன் வாங்கிக்கொண்டு ராத்திரி பாளைக்குத் திரும்பினேன். நெல்லை மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 மார்ச்சில் முடிகிறது. அடுத்த மேயரை யார் தேர்ந்தெடுப்பார்கள், ஊரா, மன்றமா என்று சாப்பாட்டுக்குப் பின் வாக்குவாதம். யார் ஆட்சியில் இருந்தாலும் நேரடித் தேர்தலைக் கொண்டுவர மாட்டார்கள் என்கிறார் மச்சினர். கொண்டுவந்து, தேர்தலுக்கு முந்தின வாரம் திரும்ப எடுத்துவிடுவார்கள் என்கிறேன் நான். பந்தயம் இரண்டு கிலோ அல்வா. தோற்றவர் வரிசையில் நிற்க வேண்டும்.